கண்ணாடிக் குடுவை டீ – கடிதம்

வணக்கம்ங்க ஐயா,

மகள் கண்ணாடி டீக்குடுவை ஒன்று வாங்கித் தந்தாள். உள்ளே கம்பிச் சல்லடை, மேலே மூடி, அவ்வளவுதான். போன மாதம் குன்னூரில் இலை டீ கால் கிலோ வாங்கினேன். நல்லா நிறம் வந்ததும் ஊற்றினால் முதல் டம்ளர் சப்பென்று இருக்கிறது. அரைமணி கழித்து அதிலேயே ஊற்றுகிற இரண்டாவது டம்ளர் ஒரே கசப்பு. மேலே ஏடு வேறு மிதக்கிறது. போர்த் தண்ணீரில்தான் போடுகிறேன். "இதுக்கு நம்ம பேக்கரி டீயே தேவலாம் அம்மிணி" என்கிறார் மாமனார். இலை மோசமா? நாட்டுச்சர்க்கரை போட்டால் சரியாகுமா?

– ஒரு வாசகி, பல்லடம்

அன்புள்ள சகோதரிக்கு,

இலை நல்ல இலைதான். நிறத்தைப் பார்த்து ஊற்றுகிறீர்களே, அங்கேதான் தவறுகிறது. பேக்கரியில் போடுவது சி.டி.சி. தூள், இலையை நசுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டியது. கொதிநீர் பட்டதும் நிறமும் கடுப்பும் சேர்ந்தே இறங்கிவிடும். முறுக்கிய முழு இலையில் நிறம் முந்திக்கொள்ளும், திடமும் மணமும் பிந்தித்தான் வரும்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொதித்து அடங்கிய நீர் 400 மில்லி, இலை 2 டீஸ்பூன். அரை நிமிடத்தில் சல்லடையின் அடியிலிருந்து செம்பழுப்பு இழை இழையாக இறங்கியது. ஒரு நிமிடத்தில் குடுவை முழுக்கத் தேன் நிறம். நீங்கள் ஊற்றுவது இந்த இடத்தில்தான். ஒரு வாய் குடித்தேன், நிறம் போட்ட வெந்நீர். இலையோ அப்போதுதான் முறுக்கு அவிழத் தொடங்கியிருந்தது. நான்காவது நிமிடத்தில் விரிந்து, ஓரத்துப் பல் வரை தெரிந்தது. அப்போது குடித்ததுதான் டீ. உடனே சல்லடையை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். உங்கள் இரண்டாவது டம்ளர் கசந்தது அதனால்தான். பச்சைத் தேயிலை என்றால் 80 டிகிரி சூடு, 2 நிமிடம் போதும்.

அந்த ஏடு தண்ணீரின் வேலை. உப்புத்தண்ணீரில் இருக்கும் கால்சியம், தேயிலைக்குத் துவர்ப்புத் தரும் பாலிஃபீனாலோடு சேர்ந்து மேலே படிகிறது. காங்கேயத்தில் அக்கா வீட்டுப் போர்த் தண்ணீரில் போட்டபோது எனக்கும் வந்தது. ஆறியபின் டம்ளரைச் சாய்த்தால் ஏடு உடைந்து விளிம்பில் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொண்டது. அதே இலையை இங்கே வடவள்ளியில் சிறுவாணித் தண்ணீரில் போட்டால் கண்ணாடி போலத் தெளிவு. குடிக்க வைத்திருக்கும் நல்லதண்ணீரிலேயே போடுங்கள். எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டாலும் ஏடு போகும், ஆனால் நிறம் வெளிறி மணமும் மாறிவிடும். எனக்குப் பிடிப்பதில்லை.

நாட்டுச்சர்க்கரை வேண்டாம். கவுந்தப்பாடிச் சர்க்கரை என்றால் எனக்கு உயிர், பால் டீக்கு அதைத்தான் போடுகிறேன். இந்த இலையின் மெல்லிய வாசத்தை அது அமுக்கிவிடும். நீலகிரியில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் கொழுந்து மெதுவாகத்தான் வளரும். அந்தப் பருவத்து இலை கிடைத்தால் விடாதீர்கள், அதன் மணமே தனி.

குடுவையை முதலில் வெந்நீரில் அலசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். நாலு நிமிடம் பொறுத்து, முதல் டம்ளரை மாமனாருக்கே கொடுங்கள். என்ன சொன்னார் என்று அவசியம் எழுதுங்கள்.