சுவத்துல இருக்கற ஆவுளியாவ மேக்னட்ல போடலாமா?

கேள்வி: ஐயா, ராமேஸ்வரம் வர்ற டூரிஸ்ட்டுங்களுக்கு ஃப்ரிட்ஜ் மேக்னட் போட்டு விக்கிறேன். எங்க ஊர்ல ரோட்டோரம் ஒரு சுவர் முழுக்க கடல் பசுன்னு சொல்ற ஆவுளியாவும் ஆமையும் வரைஞ்சிருக்காங்க, பாக்கவே அவ்ளோ அழகு. அதை நானே போட்டோ எடுத்து மேக்னட்ல போட்டா தப்பா? பப்ளிக் இடத்துல இருக்கறத யாரு வேணா எடுக்கலாம்னு ஃப்ரெண்டு சொல்றான். சிலைங்க, தனுஷ்கோடி சர்ச் இதெல்லாமும் போடலாம்னு இருக்கேன்.
- வாசகர், பாம்பன்

பதில்: தம்பி, உங்க ஃப்ரெண்டு சொல்றது சிலைக்கு சரி, சுவர் ஓவியத்துக்கு சரி வராது. 1957 காப்பிரைட் சட்டம் 52-வது பிரிவுல, பொது இடத்துல நிரந்தரமா நிக்கற சிலைய போட்டோ எடுக்கலாம் வெளியிடலாம்னு இருக்கு, ஆனா அந்த வரியில சிலையும் கலைநயமான கைவினைப் பொருளும்தான் வருது, பெயிண்டிங் வரல. சினிமா எடுக்கறவங்களுக்கு மட்டும் ஓவியத்தையும் சேர்த்தே விலக்கு குடுத்திருக்காங்க, எனக்கே இது நியாயமா படல, ஆனா சட்டம் இப்போதைக்கு அப்படித்தான் இருக்கு. சொந்தத்துக்கு மொபைல்ல எடுத்து வச்சுக்கறது பிரச்சனை இல்ல, விக்கறப்பதான் சிக்கல். மும்பை மாஹிம்ல இருந்த ஒரு சுவர் ஓவியத்த ஒரு கம்பெனி விளம்பர ஹோர்டிங்ல போட்டுட்டாங்க, கேஸ் போயி 2023-ல டெல்லி ஹைகோர்ட் அந்த விளம்பரத்த நீக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டுச்சு.

அப்ப யார்கிட்ட கேக்கறது? முதல்ல வரைஞ்சவரக் கண்டுபிடிங்க, சுவத்து மூலையில பேரு இருக்கும் பாருங்க. காசு குடுத்து வரையச் சொல்லியிருந்தா, வேற ஒப்பந்தம் இல்லாதபட்சத்துல உரிமை வரையச் சொன்னவங்களுக்குப் போயிடும், அதனால அவங்ககிட்டயும் எழுத்துல வாங்கிக்கங்க. உரிமை யார்கிட்ட போனாலும் இது நான் வரைஞ்சதுன்னு சொல்ற உரிமை 57-வது பிரிவுப்படி ஓவியர்கிட்டயே இருக்கும், அதனால மேக்னட்ல அவரு பேரப் போடுங்க தம்பி, வெயில்ல சாரத்துல நின்னு வரைஞ்ச மனுஷன் அவரு.

ஓவியர் செத்து 60 வருஷம் வரைக்கும் காப்பிரைட் உண்டு. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில இருக்கற 18-ம் நூற்றாண்டு ஓவியத்துக்கெல்லாம் அந்தத் தொல்லை இல்ல, ஆனா உள்ள கேமரா எடுத்துட்டுப் போறது தனி அனுமதி, அதைக் கேட்டுட்டுப் போங்க.

சிலை விஷயத்துல ஒண்ணு, போட்டோதான் ஓகே, அதையே குட்டி பொம்மையா வார்த்து வித்தா அந்த விலக்கு உங்களுக்குக் கிடைக்காது. தனுஷ்கோடி சர்ச் 1964 புயல்ல இடிஞ்ச கட்டிடம், கட்டிடத்த போட்டோ எடுத்து வெளியிட சட்டமே இடம் குடுக்குது, அதைத் தாராளமா போடுங்க.