ஆம்ப்பை மாற்றலாமா?

கேள்வி: பழைய மோடவுன் பாட்டுகளில் கேட்கும் கொழுத்த 'தும் தும்' என் பேஸ் கிட்டாரில் வரவே இல்லை. ஆம்ப்பை மாற்றலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: காசை வீணாக்காதீர்கள். மோடவுன் என்ற அந்த அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தில் பேஸைப் பெரும்பாலும் ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் நேராக ரெக்கார்டிங் மேசையில் இணைத்தே பதிவு செய்தார்கள். கம்பியைப் பாருங்கள். அங்கே பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் ஃப்ளாட்வுண்ட் கம்பி (மேலே தட்டையாகச் சுற்றிய வழவழப்பான கம்பி) போட்டிருந்தார், அது அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம் (நாமோ புதுக் கம்பி பளபளவென்று ஒலித்தால்தான் நல்லது என்று நினைக்கிறோம்), பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) மூடிக்குள் இருந்த ஸ்பாஞ்ச் வேறு நாதத்தை நீளவிடாமல் அமுக்கிவிடும். வாசித்தது ஒரே ஆள்காட்டி விரலால்!

சரி, முதலில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி பிரிட்ஜ் பக்கம் கம்பிக்கு அடியில் செருகி, டோன் குமிழைக் குறைத்து வாசியுங்கள். ஃப்ளாட்வுண்ட் அப்புறம் வாங்கலாம். அதில் பொதுவாக இழுவிசை அதிகம், கழுத்து வளைந்தால் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற கம்பியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.