கலிபோர்னியா உப்புமாவு வரைபடத்தில் சியரா நெவாடா மட்டும் பிளப்பது ஏன்?

மைதாவும் உப்பும் பிசைந்த மாவில் பிள்ளைகள் செய்யும் கலிபோர்னியா மேடுபள்ள வரைபடத்தில், சியரா நெவாடா மலைத்தொடர் மட்டும் காயும்போது பிளக்கிறது, அடியில் உள்ள அட்டையும் வளைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மலையை முழுக்க மாவாலேயே எழுப்பாதீர்கள். அலுமினியத் தாளைக் கசக்கி மலைத்தொடர் வடிவில் ஒட்டி, அதன்மேல் அரை சென்டிமீட்டர் மாவு பூசினால் போதும், பிளக்காது.

நீங்கள் மலைக்கு 3 செ.மீ. கனத்துக்கு மாவு வைத்திருக்கிறீர்கள். மேல்தோல் ஒரே நாளில் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் அப்படியே நிற்கிறது. அதனால்தான் சமவெளி நன்றாக இருக்க, மலை மட்டும் வெடிக்கிறது. மின்விசிறிக்கு நேராக வைத்தால் இன்னும் மோசம்.

அளவு: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப். கல்லுப்பு வேண்டாம், நெருநெருவென்று நிற்கும். அட்டை வளைவதற்கும் ஈரம்தான் காரணம். இரண்டு அட்டைகளை வரிகள் குறுக்காக வரும்படி ஒட்டி, மேலே அகல டேப் போட்டுவிடுங்கள்.

வண்ணம் அடிக்குமுன் மலையடியில் பல்குச்சியைக் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னொரு நாள் காயட்டும்.

ஒன்றைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். 50 செ.மீ. நீள வரைபடத்தில் 1 செ.மீ. என்பது சுமார் 25 கி.மீ. அந்தக் கணக்கில் சியரா நெவாடாவின் மிக உயர்ந்த, 4,421 மீட்டர் உயர விட்னி சிகரம் 2 மில்லிமீட்டர்கூட வராது! நீங்கள் 2 செ.மீ. வைத்தால் உயரம் பதினோரு மடங்கு கூட்டப்பட்டது என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். அதிலிருந்து ஐந்தரை செ.மீ. தள்ளிக் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் மரணப் பள்ளத்தாக்கையும் குறிக்கட்டும். இவ்வளவு பக்கத்திலா என்று அவர்களே கேட்பார்கள்.

வீட்டில் நாய் இருந்தால் மாவை எட்டாத இடத்தில் வையுங்கள். அவ்வளவு உப்பு அதன் உயிருக்கே ஆபத்து.