393 மீட்டர் குன்றுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

சென்ற இதழில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் எக் தீவின் படம் ஒன்றைப் போட்டு, 'இந்தக் கருப்புச் சுவரின் பெயர் அன் ஸ்கூர், உயரம் 393 மீட்டர்' என்று இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை, அதிலும் பாதி கேலி. சரி, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

கேள்வி: 393 மீட்டரெல்லாம் ஒரு மலையா? ஸ்காட்லாந்தில் உங்களுக்கு வேறு மலையே கிடைக்கவில்லையா?

கிடைக்காமல் என்ன. 3,000 அடிக்கு, அதாவது சுமார் 914 மீட்டருக்கு, மேலே போகும் மலைகளை அங்கே மன்றோ என்பார்கள். மொத்தம் 282. அத்தனையிலும் ஏறி முடிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அன் ஸ்கூர் அந்தப் பட்டியலின் வாசல்படியைக்கூட மிதிக்காது. ஆனால் சுற்றியுள்ள தரையிலிருந்து குறைந்தது 150 மீட்டராவது தனித்து எழும்பி நிற்கிற குன்றுகளுக்கு இன்னொரு பட்டியல் இருக்கிறது, அதில் இது உண்டு. அந்தப் பட்டியலின் பெயர் மர்லின். மன்றோ, மர்லின்... ஆமாம், நடிகை மர்லின் மன்றோவை நினைத்துத்தான் இரண்டாவது பெயரைக் குறும்பாக வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. பெரிய மலைகள் பலவற்றில் வண்டி ஏற்கெனவே கொஞ்ச உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். இங்கே படகுத்துறையில் இறங்குகிறீர்கள், கடல் மட்டம். 393 மீட்டரும் உங்கள் கால் கணக்குதான்.

கேள்வி: எக் என்றால் முட்டையா?

உச்சரிப்பு அப்படித்தான், பொருள் அதுவல்ல. கேலிக் மொழியில் வெட்டு, பிளவு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் பரவலான விளக்கம். தீவின் வடக்கிலும் தெற்கிலும் மேட்டு நிலம், நடுவே தாழ்ந்த வெட்டு, ஆகவே பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஸ்கூர் என்றால் கூரான பாறைச் சிகரம். பக்கத்துத் தீவின் பெயர் ரம். அதன் பழைய உரிமையாளர் குடும்பத்துக்கு மதுவின் பெயரில் குடியிருப்பது பிடிக்காமல், ஆங்கில எழுத்தில் ஓர் 'எச்' சேர்த்துக்கொண்டார்கள். பிற்பாடு அந்த 'எச்' கழன்றுவிட்டது.

கேள்வி: தீவு முழுக்கப் புல்லும் பச்சையுமாக இருக்க, இந்த ஒரு சுவர் மட்டும் எங்கிருந்து முளைத்தது?

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விடையும் விசித்திரமானது. நீங்கள் பார்க்கிற அந்தக் குன்று ஒரு பள்ளத்தாக்கு.

அட்லாண்டிக் கடல் திறந்துகொண்டிருந்த காலம், சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அந்தப் பகுதி முழுக்க எரிமலைகள். ரம், ஸ்கை தீவுகளின் மலைகள் அந்த எரிமலைகளின் அடிவேர்கள். எக் தீவில் பசால்ட் என்கிற எரிமலைப் பாறைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து உறைந்தது. ஓர் ஆறு அதை அறுத்துப் பள்ளத்தாக்கு உண்டாக்கியது. பிறகு, இன்றைக்குச் சுமார் 5.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு வெடிப்பில் பிட்ச்ஸ்டோன் என்கிற கண்ணாடித்தன்மையுள்ள கரும்பாறைக் குழம்பு வந்து அந்தப் பள்ளத்தாக்கை நிரப்பி, இறுகிப் போனது. அப்புறம் மழை, காற்று, பனிக்கட்டி ஆறுகள் எல்லாம் சேர்ந்து கரைகளாக இருந்த பசால்ட்டைத் தின்று தீர்த்தன. பிட்ச்ஸ்டோன் அசரவில்லை. மண் அச்சில் உலோகத்தை வார்த்துவிட்டு அச்சை உடைத்துப் போட்டால் வார்ப்பு மட்டும் நிற்குமே, அப்படி.

எப்படித் தெரியும் என்பீர்கள். பாறையின் அடியில் பழைய ஆற்றின் கூழாங்கற்கள் இன்றும் இருக்கின்றன, கல்லாகிப்போன மரத்துண்டுகளோடு. இதை வைத்துத்தான் நிலவியலாளர் ஆர்ச்சிபால்ட் கெய்க்கி 1865 வாக்கில் 'இது நிரம்பிப்போன ஆற்றுப் பள்ளம்' என்று சொன்னார். 1908இல் இன்னொரு நிலவியலாளர் ஆல்ஃபிரட் ஹார்க்கர் மறுத்தார். குழம்பு நிலத்துக்கு அடியில் புகுந்து உறைந்தது என்பது அவர் கட்சி. சில ஆண்டுகளிலேயே கெய்க்கி பக்கம்தான் காற்று அடித்தது. அதோடு முடிந்ததா? இல்லை. அது ஓடிவந்த குழம்பே அல்ல, கொதிக்கும் சாம்பலும் வாயுவும் சரிந்து வந்து ஒட்டிப் பாறையானது என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது. எது வந்து நிரப்பியது என்பதில்தான் தகராறு, நிரம்பியது பள்ளத்தாக்கு என்பதில் இல்லை.

கேள்வி: கயிறு, கொக்கி எல்லாம் வேண்டுமா? படத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

வேண்டாம். படத்தில் நீங்கள் பார்த்தது கிழக்கு முனை, 'மூக்கு' என்கிறார்கள், அது செங்குத்து. பாதை அதன் பக்கம் போகவே போகாது. படகுத்துறையிலிருந்து மரங்களுக்கிடையே ஏறி, சதுப்பு மேட்டைக் கடந்து, சுவரின் வடக்குப் பக்கமாக அதன் காலடியிலேயே நடந்து, பின்புறமாகச் சுற்றிப் போனால் ஒரு இடுக்கு வரும். அதில் கொஞ்சம் கையை ஊன்றி ஏறினால் முதுகு. அங்கிருந்து கிழக்கே திரும்பி உச்சிக்கு நடக்க வேண்டியதுதான். கால்வைக்கும் இடமெல்லாம் பாறைத் தூண்களின் தலைகள், ஐந்து பக்கம் ஆறு பக்கமாகப் பாவிய கல்தரை மாதிரி. நடுநடுவே குட்டிக் குளங்கள். போய்த் திரும்ப மூன்று நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதல் தடவை ஏறியபோது மூடுபனியில் உச்சியிலிருந்த நில அளவைத் தூணைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை. விளிம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அந்தத் தூணைக் கட்டிப்பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தேன். ஆகவே பனி இறங்கினால் ஏறாதீர்கள். உருப்படியான பூட்ஸ் போடுங்கள், அந்தப் பாறை நனைந்தால் வழுக்கும். கோடையில் மிட்ஜ் என்கிற பொடிக்கொசு பிய்த்தெடுக்கும், ஆனால் காற்றடிக்கிற உச்சியில் அதன் ஜம்பம் பலிக்காது.

கேள்வி: மேலே அப்படி என்னதான் தெரியும்?

(இரண்டாம் தடவை தெரிந்தது.) வடமேற்கே ரம்மின் மலைகள், அதில் உயரமானது 812 மீட்டர் அஸ்கிவல். வடக்கே ஸ்கையின் கூலின் முகடுகள். காலடியில் மக் என்கிற சின்னத் தீவு. ரம்மின் சிகரப் பெயர்கள் பலவும் வைக்கிங்குகள் என்கிற பழங்கால வடதேசக் கடலோடிகள் விட்டுப்போனவை. ஒன்றின் பெயர் ட்ரோலவல், பூதத்தின் மலை. அந்தத் தீவின் மலைச் சரிவுகளில் மேங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள் சுமார் ஒரு லட்சம் ஜோடி வளை தோண்டிக் கூடு வைக்கின்றன. இருட்டிய பிறகுதான் வரும். மண்ணுக்கடியிலிருந்து அவை போடுகிற கூச்சலைக் கேட்டுத்தான் பூதம் என்று பயந்தார்கள் என்று ஒரு கதை. நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

தெற்கே குனிந்து பார்த்தால் க்ரூலின். இடிந்த கல்வீடுகள். ஆட்டுப் பண்ணைக்கு நிலம் வேண்டுமென்று 1853இல் அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்றினார்கள். படம் எடுத்துவிட்டு இறங்கிவிடாமல் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

கேள்வி: இந்தத் தீவு யாருக்குச் சொந்தம்? அரசுக்கா?

தீவுக்காரர்களுக்கே. முதலாளி மாற்றி முதலாளி என்று கைமாறிக்கொண்டிருந்த தீவை, 1997 ஜூன் 12 அன்று அங்கு வாழ்ந்த அறுபத்துச் சொச்சம் பேர் ஓர் அறக்கட்டளை மூலம் வாங்கிவிட்டார்கள். விலை 15 லட்சம் பவுண்டு. அதில் பெரிய பங்கைக் கொடுத்தவர் இன்றுவரை பெயர் சொல்லாத ஒருவர். இப்போது மக்கள்தொகை நூறைத் தாண்டிவிட்டது.

மின்சாரமும் அவர்களுடையதே. 2008 பிப்ரவரி வரை ஆளாளுக்கு டீசல் ஜெனரேட்டர். இப்போது ஓடைநீர், காற்று, வெயில் மூன்றிலிருந்தும் எடுக்கிறார்கள். காற்றாலைகள் நாலும் அன் ஸ்கூரின் அடிவாரத்தில்தான் சுற்றுகின்றன. ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்தான், அதற்கு மேல் இழுத்தால் கட். மிஞ்சுகிற மின்சாரம் ஊர்ப் பொதுக்கூடத்தைச் சூடாக்கப் போகிறது.

கேள்வி: காரோடு போகலாமா?

முடியாது. வெளியாட்கள் காரை மலேக் துறைமுகத்திலேயே விட்டுவிட்டுத்தான் படகேற வேண்டும். தீவே 9 கிலோமீட்டருக்கு 5 கிலோமீட்டர், கார் எதற்கு? ஆனால் படகு நேரத்தை இரண்டு தடவை சரிபாருங்கள், எல்லா நாளும் ஒரே அட்டவணை கிடையாது. தவறவிட்டால் ராத்தங்கல்தான். அப்படித் தங்க நேர்ந்தால் மறுநாள் வடமேற்குக் கரையின் பாடும் மணலுக்குப் போங்கள், காய்ந்திருக்கும்போது காலை இழுத்து நடந்தால் கீச்சிடும். ஈரமாக இருந்தால் வாயைத் திறக்காது.