சிவந்த பழ வேலி: தென்னாப்பிரிக்கத் தோட்டங்களின் கொட்டோனியாஸ்டர் செடி பற்றிக் கேள்வி பதில்

நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அக்கா, எங்கள் வீட்டு வேலியில் குளிர்காலம் முழுக்கச் சிவப்புப் பழம். இது கொட்டோனியாஸ்டரா, பைரகாந்தாவா?

முதலில் கிளையைத் தடவிப் பாருங்கள். முள் குத்தினால் பைரகாந்தா. கொட்டோனியாஸ்டருக்கு முள்ளே கிடையாது. அடுத்து ஒரு பழத்தை நகத்தால் பிளந்து, சதையை வழித்துவிட்டுக் கொட்டையை எண்ணுங்கள். பைரகாந்தாவில் ஐந்து இருக்கும். கொட்டோனியாஸ்டரின் இரண்டு இனங்களில், பன்னோசஸில் வழக்கமாக இரண்டு, ஃபிராங்கெட்டியில் மூன்று. இலையும் காட்டிக்கொடுக்கும். பன்னோசஸின் மேல்புறம் மங்கிய சாம்பல் பச்சை, அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். ஃபிராங்கெட்டி இலை மேலே பளபளப்பு, நுனி கூர்மை, பழம் ஆரஞ்சு கலந்த சிவப்பு.

பலரும் 'காட்டன் ஈஸ்டர்' என்கிறார்கள். பருத்திக்கும் இதற்கும் உறவில்லை. இது ரோஜாக் குடும்பம், ஆப்பிளுக்குப் பங்காளி.

லெனேசியா: நல்ல செடிதானே, தண்ணீர்கூடக் கேட்பதில்லை. இதை எடுக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

எடுக்கச் சொல்வதே அதற்காகத்தான். வறட்சி, உறைபனி, கல் நிலம் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். கொண்டைக்குருவி பழத்தைத் தின்று பறந்துபோய், புல்வெளியிலும் ஓடைக்கரையிலும் எச்சமிடும். அங்கே முளைத்தது அடர்ந்து நிழல் கட்டினால் கீழே இருக்கும் புல் செத்துவிடும். சீனாவிலிருந்து வந்த இந்த இரண்டு இனங்களும், தென்னாப்பிரிக்காவின் 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி 1பி வகையில், அதாவது கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டிய ஊடுருவிச் செடிகளில் இருக்கின்றன. விற்கவோ, நடவோ, பதியன் போட்டுக் கொடுக்கவோ கூடாது. நம் நிலத்தில் இருந்தால் கட்டுப்படுத்துவது நம் கடமை. பக்கத்து வீட்டு ஆயா ஆசையாய்க் கேட்டாலும் ஒரு துண்டு கொடுக்காதீர்கள்.

ஹோவிக்: மொத்த வேலியையும் ஒரே நாளில் எடுக்க முடியாது அண்ணி. அதுவரை என்ன செய்வது?

பழம் பிடிக்க விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும். கோடையில் பூத்து இதழ் உதிர்ந்ததும், காய் பச்சையாய் இருக்கும்போதே கவ்வாத்து செய்யுங்கள். அப்போது வெட்டினால் அந்த ஆண்டுப் பழம் அதோடு போய்விடும். குளிர்காலம் வரை காத்திருந்தால் பறவைகள் பாதியைச் சாப்பிட்டு முடித்திருக்கும். வேலியை மூன்று நான்கு பகுதியாகப் பிரித்து ஆண்டுக்கு ஒன்றாக எடுங்கள். காலியான இடத்தில் உடனே மாற்றுச் செடியை நட்டுவிடுங்கள்.

லெனேசியா: போன வருடம் வெட்டினேன். அடியிலிருந்து பத்துப் பதினைந்து தளிர் வந்துவிட்டது. என்ன தவறு?

வெட்டி அப்படியே விட்டதுதான் தவறு. வேரில் சேமிப்பு இருக்கிறது, அடிக்கட்டை திரும்பத் துளிர்க்கும். பென்சில் பருமன் கன்றுகளை மழைக்கு மறுநாள் வேரோடு பிடுங்கலாம். கட்டைவிரல் பருமன் வரை கடப்பாரையால் மண்ணை நெகிழ்த்திவிட்டு இழுக்கலாம். அதற்கு மேல் ரம்பம்தான்.

பழக் கிளைகளை முதலில் கழித்துப் பையில் போட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு தண்டையும் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் மட்டமாக அறுங்கள். சாய்வாக அறுத்தால் மருந்து வழிந்துவிடும். மரத்தூளைத் துடைத்துவிட்டுச் சில நிமிடத்துக்குள் கிளைஃபோசேட் அல்லது டிரைக்ளோபிர் களைக்கொல்லியைத் தூரிகையால் பூசுங்கள். அளவுக்கு லேபிளைப் பாருங்கள். நடுக்கட்டையில் ஊற்றுவது வீண். பட்டைக்கு உட்புறமாய் ஈரமாய் இருக்கும் வளையம்தான் உயிர் ஓடும் இடம், அதைச் சுற்றிப் பூசுங்கள். தாமதித்தால் வெட்டுவாய் மூடிக்கொள்ளும், மருந்து உள்ளே போகாது. ஒரு செடியில் ஏழெட்டுத் தண்டு இருக்கும், ஒன்றை விட்டாலும் அதிலிருந்து கிளம்பிவிடும். மழை வருகிற நாளில் வேண்டாம். கையுறை கட்டாயம்.

மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். தளிர் இருந்தால் அதையும் வெட்டிப் பூசுங்கள். மண்ணில் கிடக்கும் விதை தொடர்ந்து முளைக்கும், மூன்று ஆண்டாவது கண்காணிப்பு வேண்டும். பழமுள்ள கிளையை எருக்குழியில் போடாதீர்கள்.

டோங்காட்: ஆடி மாதக் கஞ்சிப் பூசைக்குப் பழக் கொத்தை அலங்காரத்துக்கு எடுக்கலாமா?

வேண்டாம். பூசை முடிந்து குப்பைக்குப் போகிற கொத்திலிருந்தும் புது இடத்தில் முளைக்கும். அந்தப் பருவத்தில் ஆலோ என்னும் கற்றாழை பூக்கும், அதுவே அழகு.

சாட்ஸ்வர்த்: பேரன் இரண்டு பழம் தின்றுவிட்டான். பயமாக இருக்கிறது.

ஒன்றிரண்டு பழத்துக்குப் பெரும்பாலும் வயிற்றுவலியோ வாந்தியோதான் வரும், அதுவும் எல்லோருக்கும் வராது. விதையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, அதனால் மென்று தின்றிருந்தால் கவனம் கூடுதல் வேண்டும். வாயைக் கொப்பளிக்கச் செய்து தண்ணீர் கொடுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நிறையத் தின்றிருந்தாலோ, தூக்கக் கலக்கமோ மூச்சுத் திணறலோ தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பழத்தோடு ஒரு கிளையையும் எடுத்துச் செல்லுங்கள்.

பீனிக்ஸ்: அதன் இடத்தில் என்ன நடலாம்? பறவைகளுக்கும் சாப்பாடு வேண்டும்.

கடற்கரைப் பக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அமாத்துங்குலு. நம் களாக்காய்க்கு நேர் உறவு, உடைத்தால் பால் வரும், கவைமுள் இருப்பதால் வேலிக்குக் காவல். பழுத்த சிவப்புப் பழத்தை நாமும் தின்னலாம். 50 செ.மீ. ஆழ அகலக் குழி, மூன்றில் ஒரு பங்கு மட்கிய எரு, செடிக்குச் செடி 60 முதல் 75 செ.மீ. முதல் கோடையில் வாரம் இருமுறை நனையத் தண்ணீர், அதற்கு மேல் வேர்தான் பார்த்துக்கொள்ளும்.

லெனேசியா, லாடியம் போல உறைபனி விழும் இடங்களில் அமாத்துங்குலு கருகிவிடும். அங்கே காட்டு ஆலிவ் வையுங்கள், கறுத்த பழத்துக்குப் பறவை வரும். நீலப் பூ வேண்டுமென்றால் பிளம்பாகோ, நம் கொடிவேலியின் தங்கை.

லாடியம்: வீட்டை விற்கப் போகிறோம். செடி அப்படியே இருக்கட்டுமா?

இருந்தால், விற்பனை ஒப்பந்தம் போடும் முன்பே வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அது விதி. எடுத்துவிட்டிருந்தாலும், அடிக்கட்டைகள் எங்கே இருந்தன என்று ஒரு தாளில் வரைந்து கொடுங்கள். அவர்தான் அடுத்த மூன்று ஆண்டு தளிர் பார்க்க வேண்டியவர்.