குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தின் காரணத்தை அதற்குச் சற்றுமுன் எடுக்கப்பட்ட காணொளியிலிருந்தே விமானவியல் ஆர்வலர்களால் சொல்லிவிட முடியுமா?

முழுமையாக முடியாது; ஆனால் ஆர்வலர்கள் அதை அலசியதில் தவறில்லை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து நீலகிரியின் வெலிங்டனுக்குச் சென்ற எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் காட்டேரி என்ற இடத்துக்கு அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தனர். உயிர் பிழைத்த குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் காலமானார்.

மலை ரயில் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் எடுத்த அந்தச் சில விநாடிக் காட்சியில், ஹெலிகாப்டர் தாழப் பறந்து மூடுபனிக்குள் மறைகிறது. சத்தம் திடீரென மாற, நடந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். எஞ்சின் கோளாறு, சதி என்றெல்லாம் இதை வைத்துப் பேசியவர்கள் அவசரப்பட்டார்கள். பனியையும் பள்ளத்தாக்கையும் கவனித்தவர்களின் ஊகமே விசாரணையோடு ஒத்துப்போனது.

2022 ஜனவரியில் வெளியான முதற்கட்ட முடிவு, இயந்திரக் கோளாற்றையும் நாசவேலையையும் விலக்கிவிட்டு, வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் நுழைந்த விமானிக்குத் திசையுணர்வு குழம்பியதே காரணம் என்றது. தொடுவானம் கண்ணுக்குத் தெரியாதபோது உட்செவி தரும் உணர்வு பொய்யாகலாம். சாய்ந்து திரும்பும்போதும் நேராகப் பறப்பதாகவே தோன்றும். பழுதில்லாத ஹெலிகாப்டர் மலையில் மோதுவது இப்படித்தான்.

இதை உறுதிசெய்ய விமானத் தரவுப் பதிவுக் கருவி தேவைப்பட்டது. அதன் தரவு ஆராயப்படும்வரை விமானிகள்மீது பழி சுமத்தாமல் காத்திருந்த ஆர்வலர்களையே நான் மதிக்கிறேன், ஏனெனில் அந்த விமானிகளின் குடும்பங்களும் அந்த ஊகங்களைப் படித்திருக்கக்கூடும்.