சாவியைத் திருப்பினால் 'டக்' மட்டும்: பழைய கார் செல்ஃப் பிரச்சினைகள், கேள்வி பதில்

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் முதலில் புது பேட்டரி, அப்புறம் செல்ஃப் மோட்டார், அதுவும் சரியில்லை என்றால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ என்று பலர் வரிசையாகப் பணத்தைக் கொட்டுகிறார்கள். அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். வோல்ட்டும் கரன்ட்டும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் கீழே சொல்வதில் பெரும்பாலானதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். எந்தச் சோதனைக்கும் முன்னால் கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் மேலே இருக்க வேண்டும்.

அண்ணா, 2007 சான்ட்ரோ, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரே சத்தம், அதோட சரி. பேட்டரி புதுசு. செல்ஃப் மோட்டார் போயிடுச்சு, புதுசு போடணும்ங்கிறார் மெக்கானிக். போடலாமா? (ஈரோடு)

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பச் சொல்லி, முன்னால் நின்று பாருங்கள். 'டக்' சத்தம் வரும்போது வெளிச்சம் அப்படியே செத்துப்போனால், பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது மோட்டார் உள்ளே இறுகிப்போயிருக்கிறது. வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை என்றால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது, அது மோட்டாருக்குள் போகவில்லை என்று அர்த்தம்.

அடுத்து மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியில் 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தால் எர்த்தை, அதாவது பேட்டரி மைனஸை எஞ்சினோடும் பாடியோடும் சேர்க்கும் வயரைப் பாருங்கள், பழைய வண்டிகளில் பலரும் தவறவிடும் இடம் இதுதான். கருப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்தின் ஈயத்திலேயே வையுங்கள், மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வைத்தால் கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கும் கோளாறு மீட்டரில் தெரியாது. சிவப்பு முனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது செல்ஃப் அடிக்கச் சொன்னால் 0.3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். ஒன்று, ஒன்றரை என்று காட்டினால் எர்த் வயரிலேயே அவ்வளவு வோல்ட் வீணாகிறது. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்டையும் எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். கிளட்ச் வேலை பார்த்த வண்டிகளில் இந்த வயரைச் சரியாக முறுக்காமலோ, மாட்டவே மறந்தோ விட்டிருப்பார்கள்.

இதே போல பேட்டரியின் ப்ளஸ் கம்பத்துக்கும், செல்ஃப் மோட்டாரில் தடி வயர் வந்து சேரும் போல்ட்டுக்கும் இடையே செல்ஃப் அடிக்கும்போது அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயர் உள்ளே அரித்திருக்கிறது. இரண்டு பக்கமும் சரி, சாவியைத் திருப்பும்போது மோட்டாரின் மெல்லிய வயரில் கரன்ட்டும் வருகிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். அப்போதும் பெரும்பாலும் கார்பன் பிரஷ், புஷ், சொலினாய்டு (மோட்டாருக்குக் கரன்ட்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) போன்ற சிறு பாகங்களோடு வேலை முடிந்துவிடும், முழு மோட்டாரும் தேவைப்படாது.

சார், என் ஆல்டோ தினமும் ஓட்டினால் பிரச்சினை இல்லை. நாலு நாள் ஊருக்குப் போய் வந்தால் பேட்டரி டவுன். டைனமோ சார்ஜ் 14.2 காட்டுகிறது. (திருச்சி)

சார்ஜ் சரியாக இருக்கிறது. அப்படியானால் ஒன்று பேட்டரியே சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை, இல்லையென்றால் வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரன்ட்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. முழுசாக சார்ஜ் ஏற்றி, மைனஸ் டெர்மினலைக் கழற்றி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் பேட்டரிதான். இறங்கவில்லை என்றால் மீட்டரை 10 ஆம்ப் இடத்துக்கு மாற்றி, மைனஸ் கம்பத்துக்கும் கழற்றிய வயருக்கும் நடுவில் இணையுங்கள். இந்த நிலையில் மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும். கதவுகளை மூடி அரை மணி நேரம் விட்டால் 50 மில்லி ஆம்ப்புக்குள் வந்து நிற்க வேண்டும். அரை ஆம்ப் போகிறது என்றால் 35 ஆம்ப்-அவர் (Ah) பேட்டரி கணக்குப்படி 70 மணி நேரத்தில் காலி, உங்கள் நாலு நாளுக்குக்கூடத் தாங்காது. பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது கரன்ட் இறங்குகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. வெளியில் பூட்டிய மியூசிக் சிஸ்டம், அலாரம், ஜிபிஎஸ் கருவி, அணையாத டிக்கி லைட் இவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். எந்தப் பியூஸுக்கும் இறங்கவில்லை என்றால் டைனமோவின் டயோடு கசியலாம், அதன் தடி வயரைக் கழற்றிவிட்டு அளந்தால் தெரிந்துவிடும்.

அண்ணே, காலையில ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது. ஹைவேல ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு டீ குடிக்க நிறுத்தினா திரும்ப எடுக்க மாட்டேங்குது. அரை மணி கழிச்சு தானா எடுக்குது. பழைய ஜென். (மதுரை)

சூட்டில் வரும் கோளாறு. சொலினாய்டு காயில் சூடானால் அதன் இழுக்கும் சக்தி குறையும், சாவி வழியாக வரும் கரன்ட்டும் தேய்ந்த சுவிட்சால் குறைந்தால் சுத்தமாக இழுக்காது. அடுத்த முறை சூட்டில் நிற்கும்போதே செல்ஃப் மோட்டாரின் மெல்லிய வயரில் அளந்து பாருங்கள். சாவி திருப்பும்போது 10 வோல்ட்டுக்கு மேல் வந்தால் மோட்டாரைப் பிரிக்க வேண்டும். அதற்கும் குறைவு என்றால் இக்னிஷன் சுவிட்ச் அல்லது வயர், ஒரு நல்ல ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இணைக்கும் சுவிட்ச்) போட்டு நேர் கரன்ட் கொடுத்தால் பல வண்டிகளில் சரியாகிவிடுகிறது. செல்ஃப் மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்து எடுப்பதை மட்டும் பழக்கமாக்காதீர்கள் அண்ணே. கியரில் இருப்பதைக் கவனிக்காமல் செய்தால் வண்டி ஆள்மேலேயே ஏறிவிடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. பேட்டரி மாற்றவா? (நாகர்கோவில்)

நன்றாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரி தன் வேலையைச் செய்கிறது. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகுகிறதா கேளுங்கள். சத்தமே இல்லை என்றால் பம்ப் பியூஸ், ரிலே. டேஷ்போர்டில் சாவி படம் போட்ட லைட் மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு) சாவியை ஏற்கவில்லை, இன்னொரு சாவி இருந்தால் போட்டுப் பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கிறார் எங்கள் எலக்ட்ரீசியன். சரியா சார்? (வேலூர்)

தவறு, தடுத்துவிடுங்கள். பேட்டரி விலகும் அந்த நொடியில் வோல்ட்டேஜ் எகிறி, எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூ போய்விடலாம், அதன் விலை டைனமோவைவிட அதிகம். ஏசியும் ஹெட்லைட்டும் ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.5 வரை இருந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது.

சென்னையில் ஒரு பழைய வேகன் ஆர் பார்த்திருக்கிறேன் சார். எலக்ட்ரிக்கல் பக்கம் என்ன கவனிக்க வேண்டும்?

போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள் மேடம். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், ஆறின எஞ்சினோடு காட்டச் சொல்லி இன்னொரு நாள் போங்கள். பேட்டரியின் மேல் இருக்கும் தேதி, டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, பியூஸ் பாக்ஸில் பியூஸுக்குப் பதில் வயரைச் சுற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். வயர் சுற்றியிருந்தால் அந்த வண்டியே வேண்டாம், தீப்பிடிக்கும் வழி அது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. முன்சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, கார்பெட்டைத் தூக்கி, கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பும் மூலைகளில் வண்டலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.